வான்போக்குவரத்து வானொலித் தொடர்புப் பிழை

வான்போக்குவரத்து வானொலித் தொடர்புப் பிழை என்பது, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் விமானியும் வானொலி வழியே பேசிக்கொள்ளும்போது ஒருவர் கூறியதை மற்றவர் கேளாமல் விடுதல், தவறாகக் கேட்டல் அல்லது சரியாகக் கேட்டும் வேறு பொருள் கொள்ளுதல் ஆகியவற்றைக் குறிக்கும். இந்தியாவில் இத்தகைய பிழையோடு தொடர்புடைய மிகப் பெரிய விபத்து, 1996 நவம்பர் 12 அன்று அரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி அருகே வானில் நிகழ்ந்த மோதலாகும். இதில் 349 பேர் உயிரிழந்தனர். வானொலித் தொடர்பு அறுந்துபோதல் இதிலிருந்து வேறான ஒன்று. 2021 ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் குன்னூர் அருகே நிகழ்ந்த உலங்கு வானூர்தி விபத்தின் இறுதி நிமிடங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை.

தொடர்பு முறை

பயணிகள் விமானங்களும் கட்டுப்பாட்டு நிலையங்களும் பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஏர்ட்சு வரையிலான வானொலி அலைகளில் பேசுகின்றன. ஒரு பகுதியில் பறக்கும் விமானங்கள் அனைத்தும் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச இயலும். இருவர் ஒருசேரப் பேசினால் இரண்டு பேச்சும் சிதைந்து, கேட்பவருக்குக் கீச்சொலியே எஞ்சும். தம் பேச்சு சிதைந்தது பேசியவர்களுக்குத் தெரியாது.

இக்குறையை ஈடுசெய்யத் திரும்பச் சொல்லல் என்னும் முறை பின்பற்றப்படுகிறது. கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைக் கூறினால், விமானி அதை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் கவனித்து, பிழையிருந்தால் உடனே திருத்த வேண்டும். இம்முறை சொற்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்பதையே உறுதிசெய்கிறது. விமானம் உண்மையில் அவ்வாறு பறக்கிறதா என்பதை அது காட்டுவதில்லை.

பிழை தோன்றும் விதங்கள்

ஒலி ஒற்றுமை: ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், "வரை" எனப் பொருள்படும் இடைச்சொல்லும் ஏறத்தாழ "டூ" என ஒன்றுபோல் ஒலிப்பவை. 1989 பிப்ரவரி 19 அன்று மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய பிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானத்திற்கு, 2,400 அடிக்கு இறங்க அனுமதி தரப்பட்டது. முதல் இலக்கமான "டூ"வை இடைச்சொல்லாகக் கொண்ட விமானக் குழுவினர், 400 அடி வரை இறங்கலாம் எனப் புரிந்துகொண்டனர். விமானம் குன்றில் மோதியதில் நால்வரும் இறந்தனர்.

அழைப்புக் குறிக் குழப்பம்: ஒத்த எண்களைக் கொண்ட இரு விமானங்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒன்றுக்குரிய கட்டளையை மற்றொன்று ஏற்கக்கூடும்.

சொற்பொருள் குழப்பம்: "ரோஜர்" என்பதற்கு "நீங்கள் கூறியது முழுவதும் கிடைத்தது" என்பது மட்டுமே பொருள். "ஆம்" என்றோ "அவ்வாறே செய்கிறேன்" என்றோ அதற்குப் பொருள் இல்லை. "அவ்வாறே செய்கிறேன்" என்பதற்கு "வில்கோ" என்ற தனிச்சொல் உள்ளது.

எதிர்பார்ப்பு: புறப்படும் அனுமதிக்காகக் காத்திருக்கும் விமானி, அரைகுறையாகக் கேட்ட சொற்களை அனுமதியாகவே எடுத்துக்கொள்ளலாம். 1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளின் தெனெரீப் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் உயிரிழந்த நிகழ்வில் இதுவும் ஒரு காரணமாகும். காத்திருக்குமாறு கட்டுப்பாட்டாளர் கூறியதும், தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக மற்றைய விமானம் அறிவித்ததும் ஒரே நேரத்தில் ஒலித்துச் சிதைந்தன.

சர்க்கி தாத்ரி மோதல், 1996

நவம்பர் 12 மாலை 6:32 மணிக்கு, சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747 விமானம் 312 பேருடன் தில்லியிலிருந்து புறப்பட்டது. அதே நேரத்தில் கசக்கசுத்தான் நிறுவனத்தின் இலியூசின் ஐஎல்-76 விமானம் 37 பேருடன் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அந்நாளில் தில்லிக்கு வரும் விமானங்களும் அங்கிருந்து செல்லும் விமானங்களும் ஒரே வான்வழியை எதிரெதிராகப் பயன்படுத்தின. எனவே சவூதி விமானம் 14,000 அடியிலும், கசக்கசுத்தான் விமானம் 15,000 அடியிலும் இருக்குமாறு கட்டுப்பாட்டாளர் பணித்தார். இரண்டுக்கும் இடையே 1,000 அடி இடைவெளி இருந்திருக்க வேண்டும்.

தில்லியின் ரேடார் விமானம் இருக்கும் இடத்தை மட்டுமே காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. ஆகவே விமானத்தின் உயரத்தை, அதிலுள்ளவர் வானொலியில் கூறுவதைக் கொண்டே கட்டுப்பாட்டாளர் அறிய முடிந்தது. 15,000 அடியை அடைந்துவிட்டதாகக் கசக்கசுத்தான் விமானம் அறிவித்தது. உண்மையில் அது அதற்கும் கீழே சென்று மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே 14,000 அடியில் ஒரு விமானம் வருவதாகக் கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். அவ்விமானத்தின் உயரத்தைக் குறித்த எண்ணை, தமக்குரிய உயரமாகக் குழுவினர் கொண்டிருக்கலாம் என்ற கருத்தும் பின்னர் முன்வைக்கப்பட்டது.

கசக்கசுத்தான் விமானத்தில் வானொலியில் பேசியவர் விமானி அல்லர். அதற்கெனத் தனியாக ஒரு வானொலி இயக்குநர் இருந்தார். அவருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் கருவிகளைப் பின்னாலிருந்தே பார்க்க வேண்டியிருந்தது. இறுதி நொடிகளில் பிழையை உணர்ந்து மேலேறுமாறு அவர் கூறியது ஒலிப்பதிவில் பதிவாகியுள்ளது. ஏறத்தாழ மாலை 6:40 மணிக்கு இரு விமானங்களும் மோதின. எவரும் பிழைக்கவில்லை.

நீதிபதி ரமேசு சந்திர லகோத்தி தலைமையிலான விசாரணை ஆணையம், கசக்கசுத்தான் விமானம் தனக்குரிய உயரத்திற்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் எனக் கண்டது. குழுவினரின் போதாத ஆங்கில அறிவையும் அது சுட்டிக்காட்டியது.

நீலகிரி நிகழ்வு, 2021

நீலகிரியில் விமான நிலையம் இல்லை. வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்கு வரும் உலங்கு வானூர்திகள் பொதுவாகக் கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து மலையேறி வருகின்றன. 2021 டிசம்பர் 8 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேருடன் சென்ற மி-17 வி5 வானூர்தி முற்பகல் 11:48 மணிக்குச் சூலூரிலிருந்து கிளம்பியது. பிற்பகல் 12:15 மணிக்கு அது வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ 12:08 மணிக்குச் சூலூர் கட்டுப்பாட்டு நிலையத்துடனான தொடர்பு அறுந்தது. வானூர்தி குன்னூர் அருகே காட்டேரியை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. 13 பேர் அன்றே இறந்தனர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று காலமானார்.

பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் வானூர்தி மேகத்துள் நுழைந்தது என்றும், விமானி திசையுணர்வு இழந்ததால் நிலத்தில் மோதியது என்றும் முப்படை விசாரணைக்குழு முதற்கட்டமாகத் தெரிவித்தது. வானொலிப் பேச்சில் நேர்ந்த பிழையை அது காரணமாகக் கூறவில்லை. எனினும் மலைப்பகுதித் தொடர்பின் எல்லையை இங்கு குறிப்பிடலாம். விமானத் தொடர்புக்குரிய அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. ஆகவே மலைமுகட்டுக்குப் பின்னால் தாழப் பறக்கும் வானூர்தியின் குரல் சமவெளியிலுள்ள நிலையத்தை எட்டாமல் போகலாம். இதனால் தொடர்பு கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு மட்டும் விபத்து நேர்ந்ததா, மலை மறைத்ததா எனக் கட்டுப்பாட்டாளரால் உடனடியாகத் தீர்மானிக்க இயலாது.

தடுப்பு முறைகள்

தெனெரீப் விபத்துக்குப் பின், புறப்பாட்டைக் குறிக்கும் "டேக்-ஆஃப்" என்ற சொல் புறப்பட அனுமதி தரும்போதோ அதை நீக்கும்போதோ மட்டுமே கூறப்படுகிறது. மற்ற இடங்களில் "டிபார்ச்சர்" என்ற சொல் ஆளப்படுகிறது. பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு படிகள் கொண்ட மொழித்தேர்ச்சி அளவுகோலை வகுத்து, நான்காம் படியைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. இவ்விதி 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது.

சர்க்கி தாத்ரி மோதலுக்குப் பின், தில்லிக்கு வருவதற்கும் செல்வதற்கும் தனித்தனி வான்வழிகள் ஏற்படுத்தப்பட்டன. விமானத்தின் உயரத்தையும் காட்டும் இரண்டாம்நிலை ரேடார் பயன்பாட்டுக்கு வந்தது. அருகில் வரும் விமானத்தை உணர்ந்து, ஏறவோ இறங்கவோ விமானிக்கு நேரடியாகக் கூறும் மோதல் தவிர்ப்புக் கருவி இந்திய வான்வெளியில் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வேற்பாடுகளால், விமானத்தின் உயரத்தை அறிய வானொலியில் கூறப்படும் சொல்லை மட்டும் நம்பியிருக்கும் நிலை நீங்கியது.

வங்காள விரிகுடா போன்ற கடற்பகுதிகளின் மேல் பறக்கும் விமானங்களுடன் சென்னைக் கட்டுப்பாட்டு நிலையம் எழுத்துவடிவச் செய்திகளையும் பரிமாறிக்கொள்கிறது. எழுத்தில் ஒலிக் குழப்பத்திற்கு இடமில்லை. எனினும் செய்தி சென்று விடை வரக் காலம் பிடிப்பதால், விமான நிலையத்தை நெருங்கும் நிலையிலும் அவசர வேளைகளிலும் குரல்வழித் தொடர்பே பயன்படுகிறது.