கல்லீரல் தழும்பு: 'கிரேடு' சொல்லாத சேதி

மாஸ்டர் செக்கப் போய்வந்த பலரின் ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று இருக்கும். ஒன்றுதானே என்று அதை மடித்து வைத்துவிடுவார்கள். கிரேடு 3 என்றால் தூக்கம் போய்விடும். இரண்டுமே தவறு. அந்த எண் கல்லீரலில் படிந்த கொழுப்பைத்தான் சொல்கிறது. நாளைக்கு உயிருக்கு உலை வைக்கக்கூடியது கொழுப்பல்ல, தழும்பு. மருத்துவர்கள் ஃபைப்ரோசிஸ் என்று சொல்வது அதைத்தான்.

காயம் பட்ட இடத்தில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உடல் கொண்டுவந்து நிரப்பும். காயம் ஆறியதும் அந்த வேலை நிற்க வேண்டும். அடி தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தால் நிற்காது. பெயர்ந்த சுவரைப் பூச வந்த கொத்தனார் வேலை முடிந்தும் கிளம்பாமல் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சிமென்ட்டால் அடைத்துவிட்டால் எப்படி இருக்கும்? ஃபைப்ரோசிஸ் அப்படித்தான்.

கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் நட்சத்திர வடிவச் செல்களை 1876-லேயே கார்ல் வான் குப்ஃபர் பார்த்துவிட்டார். அவற்றின் முழு வேலை புரியச் சுமார் நூறாண்டு ஆனது. சாதாரண நாளில் அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சும்மா கிடக்கும். மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடு கூட்டுச் சேர்ந்த கொழுப்பு என ஏதாவது ஒன்று கல்லீரலை வருடக்கணக்கில் புண்ணாக்கினால், சேமிப்பை விட்டுவிட்டு நாரை நெய்யத் தொடங்கும்.

இந்தத் தழும்பின் அளவை எஃப்0 முதல் எஃப்4 வரை பிரிக்கிறார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. அதுவரை பெரும்பாலும் வலி இல்லை, அறிகுறியும் இல்லை. கல்லீரல் இறுகியபின் குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்கும். உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் புடைத்து வெடிக்கும், வயிற்றில் நீர் கோக்கும். வீட்டில் எல்லோரும் 'திடீரென்று ரத்த வாந்தி எடுத்தார்' என்பார்கள். அந்தத் திடீருக்குப் பின்னால் பத்து, இருபது வருடங்கள் இருக்கும்.

கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கடினமல்ல. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி அளவுகள், தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து 'ஃபிப்-4' என்ற மதிப்பெண் போடலாம். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2. அதற்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன். பிரான்ஸில் உருவான இந்தக் கருவி விலாவின் மேல் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஓடும் வேகத்தை வைத்துக் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கிறது. ஊசி, கத்தி எதுவும் இல்லை. எஸ்ஜிபிடி மட்டும் நார்மல் என்று திருப்தி அடைபவர்களுக்கு ஒரு வார்த்தை: அது நார்மலாக இருக்கும்போதே தழும்பு வளரலாம்.

நல்ல சேதியும் உண்டு. அடி நின்றால் கல்லீரல் தன் தழும்பைத் தானே ஓரளவு கரைத்துக்கொள்ளும். ஹெபடைட்டிஸ் சி-க்கு இப்போது சில மாத மாத்திரையே போதும். வைரஸ் ஒழிந்த பலருக்குத் தழும்பு குறைந்திருக்கிறது. உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்கள் பலருக்கும் அப்படியே. கொழுப்பால் வரும் தழும்புக்கென்றே ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு 2024-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. எஃப்2, எஃப்3 நிலைகளுக்கு மட்டும்.

எல்லா உறுப்புக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. நுரையீரல் தழும்புக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டும் நோயின் வேகத்தைக் குறைக்கும், போன மூச்சைத் திருப்பித் தராது. வாய்க்குள் வரும் தழும்பு இன்னும் மோசம். அதற்குப் பாக்குதான் காரணம், புகையிலை சேராத பாக்கும் சேர்த்தி. கன்னம் இறுகி, மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழையாது. பாக்கை விட்டாலும் இறுகியது தளர்வது அரிது. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறும். வெற்றிலை பாக்கு நம் சம்பிரதாயம்தான், ஆனால் தாம்பூலத் தட்டில் வைப்பது வேறு, நாள் முழுக்க மெல்லுவது வேறு.

சர்க்கரை நோய், பருமன், குடிப்பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது கிரேடு எவ்வளவு என்று கேட்காதீர்கள். தழும்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.