ஒளிவீச்சு (காணொளி இதழ்)

ஒளிவீச்சு என்பது ஈழப்போர்க் காலத்தில் தமிழீழ விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு வெளியிட்ட காணொளி இதழ் ஆகும். மாத இதழ் போலவே வெளிவந்தது. தாளுக்குப் பதிலாக வீடியோ கேசட். போர்க்களக் காட்சிகள், நேர்காணல்கள், குறும்படங்கள் ஆகியவற்றோடு, காட்சி சேர்க்கப்பட்ட எழுச்சிப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. பிற்காலத்தில் குறுந்தகடாகவும் வந்தது. அதன் செய்திப் பகுதிகள் பழசாகிவிட்டன. பாடல் காட்சிகள் மட்டும் தனித்தனியாகப் பிரிந்து இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன.

1990 சூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. எரிபொருளுக்கும் பேட்டரிக்கும் அரசு தடை விதித்திருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் கிடைத்த மின்சாரத்தில் மக்கள் வானொலி கேட்டனர். வீடியோ பார்க்க இது போதாது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர் வேண்டும். ஆகவே படம் பார்ப்பது தனி வீட்டுப் பொழுதுபோக்காக இல்லாமல், பலர் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சியானது. அப்படிக் கூடியிருந்து கேட்ட பாட்டு மனத்தில் தங்குவதில் வியப்பில்லை.

பாடல்களின் வலிமைக்கு இன்னொரு காரணம் குரல். இவ்வகைப் பாடல்களால் பெரிதும் அறியப்பட்ட எஸ். ஜி. சாந்தன் கோயில் திருவிழா மேடைகளில் பக்திப் பாடல்கள் பாடியவர். அதே குரல் போர்ப்பாட்டைப் பாடியபோது, கேட்டவர்களுக்கு அது ஊரின் குரலாகவே இருந்தது. போர் முடிந்தபின் மீண்டும் பக்திப் பாடல் பாடிய அவர், 2017 பிப்ரவரி 26 அன்று காலமானார். பல பாடல்களை எழுதிய கவிஞர் புதுவை இரத்தினதுரை 2009 மே மாதம் படையினரிடம் சரணடைந்தார் என்று குடும்பத்தினர் கூறுகின்றனர். அதன்பின் அவரைப் பற்றிய தகவல் இல்லை. தமிழ்நாட்டில் தேனிசை செல்லப்பா, காசி ஆனந்தனின் பாடல்களை மேடைதோறும் பாடிப் பரப்பினார்.

ஒளிவீச்சின் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களில் ஒருவர் இசைப்பிரியா. 2009 மே மாதம் அவர் சண்டையில் இறந்ததாக இலங்கைத் தரப்பு கூறியது. படையினர் அவரை உயிரோடு பிடித்திருப்பதைக் காட்டும் காணொளியை 2013-இல் பிரித்தானியாவின் சேனல் 4 ஒளிபரப்பியது. படப்பதிவு சாட்சியாவதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேடவேண்டியதில்லை.

எனினும் ஒளிவீச்சு ஒரு தரப்பின் பரப்புரை ஏடு என்பதை மாணவர் மறக்கலாகாது. ஆட்சேர்ப்பும் அதன் நோக்கங்களில் ஒன்று. புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததை யுனிசெப் பதிவு செய்துள்ளது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். இவற்றின் மறுபக்கத்தை அறிய இந்த நாடாக்கள் போதா. ஆனால் வெளியூர்ச் செய்தியாளர் எளிதில் நுழைய முடியாத காலத்தில் வன்னியின் தெருக்கள், சந்தைகள், முகங்கள் ஆகியவற்றைப் பிடித்துவைத்த அசையும் படங்களில் பெரும்பகுதி இவைதான். பரப்புரை என்று ஒதுக்கினால் இந்த ஆவணம் போய்விடும். ஆவணம் என்று மட்டும் கொண்டால் அது சொல்லாமல் விட்டது மறைந்துவிடும்.

உலகில் வேறிடத்திலும் இது நடந்தது. 1992 முதல் 1995 வரை நடந்த போஸ்னியப் போரில், ரோக்கி வுலோவிச் போன்ற செர்பிய நாட்டார் இசைப் பாடகர்களின் போர்ப்பாடல்கள் ஒலி, ஒளி நாடாக்களில் பரவின. பின்னாளில் இனப்படுகொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட கராஜிச்சைப் புகழும் அத்தகைய பாடல் காட்சி ஒன்று, பல ஆண்டுகளுக்குப்பின் இணையத்தில் கேலித்துணுக்காகச் சுற்றியது. யார் பாடியது, எதற்குப் பாடியது என்பதெல்லாம் உதிர்ந்துபோயின. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் போகும் வழியில் தன் காரில் ஒலிக்கவிட்டது அந்தப் பாட்டைத்தான். ஊரும் ஆண்டும் இழந்த பாடலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒளிவீச்சுத் துணுக்குகளுக்கும் அதே குறை உண்டு. பலவற்றில் வெளியான மாதமோ ஆண்டோ இல்லை. முன்னும் பின்னும் இருந்த பகுதிகள் வெட்டப்பட்டுள்ளன. முழு நாடா கிடைப்பது அரிது. இலங்கையில் அவற்றை வைத்திருப்பதே ஆபத்து என்று அஞ்சும் நிலை இருந்தது. இந்தியாவிலும் 1992 முதல் அவ்வமைப்புக்குத் தடை உள்ளது. எஞ்சியவை பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளில் இருக்கின்றன.

நாடாவுக்கும் ஆயுள் குறைவு. வி.எச்.எஸ். வகை 1976-இல் ஜப்பானில் அறிமுகமானது. பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய காந்தத் துகளில்தான் படம் பதிகிறது. ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். படியெடுத்த நாடாவிலிருந்து மறுபடி எடுக்க எடுக்க நிறம் கலங்கும். இலங்கையின் பால் முறை நாடா கனடாவின் என்.டி.எஸ்.சி. கருவியில் நேராக ஓடாது என்பதால், அங்கே போனவை ஒருமுறையாவது மாற்றிப் பதியப்பட்டவை. அந்தக் கருவிகளின் தயாரிப்பும் 2016-இல் நின்றுவிட்டது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேமிக்கும் நூலகம் நிறுவனம் பல்லூடக ஆவணங்களையும் ஏற்கிறது. நாடா வைத்திருப்போர் உறையில் எழுதியுள்ள தேதியையும் எண்ணையும் சேர்த்தே பதிவு செய்வது நல்லது. படத்தில் இல்லாத தகவல் பலவேளை அந்த உறையில்தான் இருக்கிறது.