முதியோர் இல்லத்தில் யார் பேச்சு எடுபடுகிறது?

பத்துப் பதினைந்து ஆண்டு நன்றாக வேலை பார்த்த நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு, "இனிமேல் நீங்கதான் சிஸ்டர் இன்சார்ஜ்" என்று சொல்லி டியூட்டி நோட்டையும் ஸ்டோர் சாவியையும் கையில் கொடுத்துவிடுவார்கள். முதியோர் இல்லங்களில் தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்கிறது. ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுக் கட்டவும் அவருக்கு வருடக்கணக்கில் பயிற்சி உண்டு. ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றிப் படிப்பில் ஒரு பாடம் வந்திருக்கும். அது பரீட்சையோடு போயிருக்கும்.

மருத்துவமனைகளிலும் இதே கதைதானே என்று கேட்கலாம். முதியோர் பராமரிப்பில் இதன் விளைவு கூடுதல். காரணம், முதுமையில் நோய் நேர்வழியில் வருவதில்லை. காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரும். சிறுநீர்த் தொற்று, திடீர் மனக்குழப்பமாகத் தலைகாட்டும். நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வந்து போகும். இவற்றை முதலில் கவனிப்பவர் மருத்துவர் அல்ல. குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிவிடும் பராமரிப்பு உதவியாளர். "பாட்டி இன்னிக்கு சாப்பாட்டை வாயிலேயே வெச்சிருக்காங்க சிஸ்டர்" என்று அவர் சொல்வதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையின் மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்தில் சம்பளமும் குறைவு, பேச்சு எடுபடுவதும் குறைவு என்றால் அது அவருக்குத்தான். அந்தப் பேச்சு மேலே போய்ச் சேர வழி செய்வதுதான் இன்சார்ஜ் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை என்பேன். டியூட்டி போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு நடைமுறையில் தேறிய முறைகள் உள்ளன. அமெரிக்க முதியோர் இல்லங்களுக்காக உருவான 'இன்டராக்ட்' திட்டத்தில் 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' என்ற ஒரு பக்கச் சீட்டு இருக்கிறது. குறைவாகச் சாப்பிட்டார், குறைவாகப் பேசுகிறார், நடக்க வழக்கத்தைவிட அதிக உதவி கேட்கிறார், தோலில் மாற்றம் தெரிகிறது என்பதுபோல் சில வரிகள் அதில் இருக்கும். உதவியாளர் பொருந்தியதைக் குறித்து நர்ஸிடம் கொடுக்க வேண்டும். மருத்துவச் சொற்கள் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீட்டு அச்சடிப்பது எளிது. கொடுத்தவரிடம் அன்றைக்கே போய், "நீ சொன்னதை வெச்சுத்தான் டாக்டரைக் கூப்பிட்டேன்" என்றோ, "பார்த்தேன், இப்போதைக்குப் பயமில்லை" என்றோ பதில் சொல்வதுதான் கடினம். பதில் வராத சீட்டை யாரும் மூன்றாம் முறை எழுத மாட்டார்கள்.

அடுத்த படி, நர்ஸ் மருத்துவரிடம் பேசுவது. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகள் வழியாக உலகெங்கும் பரவிய 'எஸ்பார்' முறை இங்கே உதவும். இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கே படிகள். தொலைபேசியில் அது இப்படி இருக்கும்: "டாக்டர், மூன்றாம் அறைப் பாட்டி நேற்று மாலையிலிருந்து மந்தமா இருக்காங்க. வயது 84, சர்க்கரை இருக்கு. காய்ச்சல் இல்லை, ஆனா மூச்சு நிமிடத்துக்கு 28. நிமோனியாவா இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." முதல் மூன்று வாக்கியங்களை எந்த நர்ஸும் சொல்லிவிடுவார். கடைசி இரண்டில்தான் தொண்டை அடைக்கும். 'டாக்டருக்கு நாம் சொல்வதா' என்ற தயக்கம் புத்தகம் படித்துப் போகாது. ஒருவர் மருத்துவராக நடித்து, எரிந்து விழுந்து, மறுமுனையில் இருப்பவர் மறுபடி மறுபடி சொல்லிப் பழகினால்தான் போகும்.

யாராவது கீழே விழுந்துவிட்டால் வரும் முதல் கேள்வியிலேயே தலைமை தெரிந்துவிடும். "யாரு டியூட்டில இருந்தா?" என்று கேட்டால், அடுத்த முறை விழுந்ததே மறைக்கப்படும். "தாத்தா எதுக்காக எழுந்தார்?" என்று கேட்டால் காரணம் வெளியே வரும். பல நேரம் கழிப்பறைக்காகத்தான் எழுந்திருப்பார். சிறுநீர் பிரிய மாலையில் கொடுத்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரலாம். சம்பவம் நடந்த ஷிப்ட் முடிவதற்குள், உதவியாளரையும் சேர்த்து நின்றபடியே பத்து நிமிடம் பேசினால் போதும். மாதக் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளினால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

தலைவரே இல்லாமலும் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ் 2006-ல் தொடங்கிய 'பர்ட்சார்க்' வீட்டுப் பராமரிப்பு அமைப்பில், ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 12 பேர். டியூட்டி, ஆள் சேர்ப்பு, யாரை எப்படிக் கவனிப்பது எல்லாமே குழுவின் முடிவு. ஆலோசகர் உண்டு, ஆனால் அவர் உத்தரவு போட முடியாது. இதை அப்படியே இங்கே இறக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே குழுவில் இருப்பவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். இங்கே ஏஜென்சி அனுப்பும் உதவியாளர்கள் சில மாதங்களில் மாறிவிடுகிறார்கள். பொறுப்பைச் சுழற்சியில் விடும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள், ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரை ஓர் உதவியாளர் நடத்தட்டும். இன்சார்ஜ் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

தமிழ்நாட்டுக்கு இது அவசரமான விஷயம். மக்கள்தொகைக் கணிப்புகளின்படி, 60 வயதைக் கடந்தோர் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக இருப்பார்கள். மருத்துவத் தரப்பில் நாம் முந்திக்கொண்டவர்கள்தான். டாக்டர் வ.செ. நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978-ல். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையமும் வந்துவிட்டது. கட்டிலருகே நிற்பவர்களுக்கான பயிற்சிதான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

பயிற்சி பலித்ததா என்று தெரிந்துகொள்ளச் சான்றிதழைப் பார்க்க வேண்டாம். இன்சார்ஜ் ஒரு வாரம் லீவில் போகட்டும். உதவியாளர்கள் எழுதிய சீட்டுகள் அந்த வாரமும் வந்தனவா, பதில் போனதா என்று நோட்டைப் புரட்டினால் போதும்.