ஓடோமீட்டர் காட்டாத வயது

பழைய சொகுசுக் காரை விற்பவர் முதலில் எடுத்துவைப்பது கிலோமீட்டர் கணக்கைத்தான். ‘பன்னிரண்டு வருஷத்து வண்டிதான், ஆனால் நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது, சிங்கிள் ஓனர், ஷெட்டை விட்டு வெளியே வந்ததே குறைவு’ என்று கேட்டதும் வாங்க வந்தவர் மனம் இளகிவிடுகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 1995-இல் புனேயிலும், பி.எம்.டபிள்யூ 2007-இல் சென்னையை அடுத்த சிங்கப்பெருமாள் கோவிலிலும் பாகங்களை இணைத்துக் கார்களைத் தயாரிக்கத் தொடங்கின. அப்படி வெளிவந்து சென்னையிலும் பெங்களூரிலும் ஓடிய கார்கள் இன்று பாதி விலைக்கும் கீழே, அவ்விரு நகரங்களுக்கும் இடையில் இருக்கும் சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டன. அவற்றை வாங்குவது தவறான ஆசை அல்ல. ஆனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்து வாங்குவது அறிவியலுக்குப் புறம்பானது. இத்தகைய காரை வயதாக்குவதில் சாலைக்குப் பங்கு குறைவு. காலமும் வெப்பமுமே அதை அதிகம் வயதாக்குகின்றன. இந்த ஊர்கள் அடங்கிய ஆந்திரத்தின் ராயலசீமைக் கோடையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. ஒரு காரில் இரும்பும் அலுமினியமும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எண்ணெய்களும். சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுன்டிங், வாட்டர் ஹோஸ், ஆயில் சீல், ஒயர்களின் மேலுறை எல்லாம் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனவை. ஆக்ஸிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளைத் தாக்கிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது நிற்காது. ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889-இல் முன்வைத்த சமன்பாட்டிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி ஒன்று உண்டு: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர் வட்டாரத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே வெப்பம் அதைவிடப் பல டிகிரி கூடுதல். குளிர்நாட்டில் பத்தாண்டு தாங்கும் என்று வடிவமைத்த ஒரு ரப்பர் பாகம் இங்கே அதற்கு முன்பே வெடிப்பு விட்டால் அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்ல முடியாது.

‘ஷெட்டிலேயே நின்ற வண்டி’ என்பதும் முழு நன்மை அல்ல. டயர் ரப்பரில் ஓசோனைத் தடுக்கும் மெழுகும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கும். சக்கரம் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாகப் பரவும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது சரிவர நடப்பதில்லை. திருப்பதி மாவட்டத்தின் சின்னபாண்டூரில் அப்போலோ நிறுவனத்தின் டயர் ஆலை 2020 முதல் இயங்குகிறது. எந்த ஆலையில் உருவான டயரானாலும் அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் தேயாமல் பளபளப்பாக இருக்கும் டயர் பத்து வயதைக் கடந்திருக்கலாம். கிலோமீட்டர் கணக்கு அதைச் சொல்லாது. இந்த நான்கு இலக்கம் சொல்லிவிடும்.

வண்டியின் வயதை ஆண்டும் தட்பவெப்பமும் தீர்மானிக்கும் என்பதற்கு மிக வலுவான சான்று டகாட்டா ஏர்பேக் விவகாரம். ஜப்பானைச் சேர்ந்த அந்த நிறுவனம் ஏர்பேக்கை ஊதச் செய்ய அம்மோனியம் நைட்ரேட் கலந்த எரிபொருளைப் பயன்படுத்தியது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் மாறிமாறிப் பட்டதில் அந்த எரிபொருள் சிதைந்தது. விபத்தின்போது அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே உடைத்துச் சில்லுகளாக வீசியது. பலர் உயிரிழந்தனர். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஊதிகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே எந்தக் கார்களை முதலில் அழைப்பது என்று முடிவு செய்தபோது நாட்டை வெப்பமும் ஈரமும் சார்ந்து மண்டலங்களாகப் பிரித்து, வண்டியின் மாடல் ஆண்டைப் பார்த்தார்கள். ஓடிய தூரத்தை அளவுகோலாக வைக்கவில்லை. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி நிறுவனங்களின் பல மாடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. பழைய சொகுசுக் கார் வாங்குபவர் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டறிவது உயிர் சார்ந்த விஷயம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சோதனைக்களம் திருமலை மலைப்பாதை. 1944-இல் திறந்த முதல் பாதையில் இன்று வண்டிகள் இறங்குகின்றன. 1974-இல் திறந்த இரண்டாம் பாதையில் ஏறுகின்றன. மலைக்கும் அடிவாரத்துக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 700 மீட்டர். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள சொகுசுக் கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 1.4 கோடி ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். காற்றின் தடையும் எஞ்சினும் எடுத்துக்கொள்வது போக, மீதி பெரும்பாலும் பிரேக் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்குகிறது. எடை குறைந்த சிறிய காரைவிட இங்கே சுமை மிக அதிகம். அந்த வெப்பம் காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலை எட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 தரத்தில் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. அந்த நிலையில் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் பெடல் தரைவரை இறங்கியும் வண்டி நிற்காமல் போகும் ஆபத்து உண்டு.

மலையிலிருந்து இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஏற 28 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று திருமலை தேவஸ்தானம் வைத்திருக்கும் விதி வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது. அதில் வெப்பவியல் நன்மையும் அடங்கியிருக்கிறது. அதே ஆற்றலை 20 நிமிடத்தில் வெளியேற்றினால் பிரேக்கின் மீது விழும் சராசரிச் சுமை இரண்டு மடங்கு. ஆட்டோமேட்டிக் கியரைக் குறைந்த நிலையில் நிறுத்தி, எஞ்சினின் எதிர்ப்பால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஓட்டுநர் செய்ய வேண்டியது. பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது உரிமையாளர் செய்ய வேண்டியது. ஈரம் ஏறுவது நாள்கணக்கைப் பொறுத்தது. பத்தாயிரம் கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் ஐந்தாண்டுப் பழைய பிரேக் ஆயில் பழையதுதான்.

ஏறும்போது சோதனை கூலிங் பக்கம் திரும்புகிறது. எஞ்சினுக்குச் சுமை அதிகம், வேகம் குறைவு, ரேடியேட்டர் வழியே போகும் காற்றும் குறைவு. தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 1.4 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் கொதிநிலை 125 டிகிரியை எட்டும். கூலன்ட் கலந்தால் இன்னும் உயரும். ஆகவே அமைப்பில் எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்து அழுத்தம் போனால் கூலன்ட் முழுமையாக இருந்தும் கொதித்துவிடும். சொகுசுக் கார்களில் எக்ஸ்பான்ஷன் டேங்க், ரேடியேட்டரின் பக்கத் தொட்டி, ஹோஸ் இணைப்புகள் பலவும் கண்ணாடி இழை கலந்த நைலான். சூடான கூலன்ட் நைலானின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். பத்தாண்டு கடந்த இணைப்பு வெளியே நன்றாகத் தெரிந்து, மெக்கானிக் கை வைத்ததும் உடையும். இதோடு ரேடியேட்டரில் போர்வெல் நீரை ஊற்றும் நம் ஊர்ப் பழக்கமும் சேர்கிறது. பாறைப் பகுதியின் போர்வெல் நீரில் கால்சியம் அதிகம். சூடு ஏற ஏற கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறையும் என்பதால், எஞ்சினின் மிகச் சூடான இடத்தில்தான் உப்புப் படியும். எங்கே வெப்பம் வேகமாக வெளியேற வேண்டுமோ அங்கேயே அடைப்பு விழும். அயனி நீக்கிய நீரும், நிறுவனம் குறிப்பிடும் கூலன்டும் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு சிறு பழுது பெரிய பழுதைப் பெற்றெடுப்பது இந்தக் கார்களின் இன்னொரு குணம். மெர்சிடிஸ் 1998-இல் எஸ் கிளாஸில் கொண்டுவந்த ஏர் சஸ்பென்ஷனில் சுருள்வில்லுக்குப் பதிலாக ரப்பர் காற்றுப்பை இருக்கும். பையின் மடிப்பில் வெடிப்பு விழுந்து காற்று கசிந்தால் அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், சூடேறும், கடைசியில் எரியும். பையை மட்டும் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் செலவு இரட்டிப்பாகிறது. பேட்டரியும் அப்படித்தான். திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் வளர்ந்த அமரராஜா நிறுவனத்தால் பேட்டரி இந்த மண்ணுக்கு நன்கு அறிமுகமான பொருள். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளும் வெப்பம் கூடக்கூடச் சுருங்கும். சொகுசுக் காரில் பல்வேறு கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒரே தொடர்பில் பேசிக்கொள்கின்றன. வோல்டேஜ் சற்று இறங்கினாலே அவை ஒன்றோடொன்று முரண்பட்டு, இல்லாத பழுதுகளுக்கெல்லாம் எச்சரிக்கை விளக்கு காட்டும். ஸ்கேனரில் இருபது கோளாறு தெரிந்தால் இருபது பாகத்தை மாற்றுவதற்கு முன் பேட்டரியையும் எர்த் இணைப்பையும் சோதிப்பதே முறை.

கிலோமீட்டர் கணக்கு பயனற்றதா என்று கேட்கலாம். இல்லை. பிஸ்டன் ரிங், வீல் பேரிங், பிரேக் டிஸ்க் போன்ற உராயும் பாகங்களுக்கு ஓடிய தூரமே அளவு. ஆனால் அந்தக் கணக்கைத் திருத்திவிட முடியும். ஓடிய தூரத்தைப் பல கட்டுப்பாட்டுக் கணினிகள் தனித்தனியே பதிந்துவைக்கும் மாடல்களில், ஸ்கேனரால் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் திருத்தம் வெளிப்படும். கணக்கு உண்மையாகவே இருந்தாலும் அது வயதின் ஒரு பகுதியை மட்டுமே சொல்கிறது. நாற்பதாயிரம் ஓடி, எதையும் மாற்றாத பன்னிரண்டு வயதுக் காரைவிட, ஒரு லட்சம் ஓடி, புஷ், ஹோஸ், வாட்டர் பம்ப், கியர் ஆயில் எல்லாம் ரசீதோடு மாற்றிய கார் மேலானது. கியர் ஆயில் ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று கார் நிறுவனம் சொல்கிறதே என்பார்கள். பல சொகுசுக் கார்களின் கியர்பாக்ஸைச் செய்யும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டாண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. ஆயுள் என்பதை முதல் உரிமையாளரின் காலமாக எடுத்துக்கொண்டால்தான் கார் நிறுவனத்தின் சொல் பொருந்தும்.

பழைய ஜெர்மன் கார்கள் இரும்புக் குதிரைகள், லட்சக்கணக்கில் ஓடியவை என்ற வாதமும் உண்டு. கிரேக்கத்தில் டாக்ஸியாக ஓடிய 1976-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி ஒன்று 46 லட்சம் கிலோமீட்டர் கடந்து 2004-இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்தை அடைந்தது உண்மை. அந்தக் காரில் எஞ்சினே பலமுறை மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பராமரிக்கும் கையும் உரிய நேரத்தில் மாற்றும் மனமும் இருந்ததால்தான் அந்த இரும்பு அவ்வளவு ஓடியது.

அடுத்தது பணம். ஐம்பது லட்சத்துக்கு விற்ற கார் இன்று பத்து லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரின் விலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது. ஆனால் அதன் ஏர் சஸ்பென்ஷனும் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் ஐம்பது லட்சத்துக் காரின் பாகங்களாகவே விலை பேசும். ஆகவே கையில் பத்து லட்சம் இருப்பவர் பத்து லட்சத்துக்கு வாங்கக் கூடாது. ஏழுக்கோ எட்டுக்கோ வாங்கி, மிச்சத்தை முதல் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்குமே என்றால், அங்கும் அதே வேதியியல் பொருந்தும். கதவு, அலாய் வீல், கியர் கூடு போன்ற உலோகப் பாகங்களைப் பழையதாக வாங்கலாம். காற்றுப்பை, ஹோஸ், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவது அதே வயதான பழுதை மறுபடி விலைகொடுத்து வாங்குவதே.

காகித வேலையையும் விலையோடு கூட்ட வேண்டும். தமிழ்நாட்டிலோ கர்நாடகத்திலோ பதிவான காரை ஆந்திரத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றும் இந்த மாநிலத்து ஆயுள் வரியும் தேவை. பதினைந்து ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனையோடு பதிவைப் புதுப்பித்து, பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் தொடர வேண்டும். பதினான்கு வயதுக் காரை மலிவு என்று வாங்குபவர் அடுத்த ஆண்டே அந்த வாசலில் நிற்பார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அதே பணத்துக்குப் புதிய சிறிய கார் வாங்கலாமே என்ற கேள்வி நியாயமானது. மாதச் சம்பளத்தில் எதிர்பாராத ஒரு பெரிய பில்லைத் தாங்க முடியாதவருக்கு அதுவே சரியான விடை. மற்றவர்களுக்குப் பழைய சொகுசுக் கார் தருவது தோல் இருக்கை மட்டுமல்ல. வளைவில் சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.பி., பல ஏர்பேக்குகள், மோதலைத் தாங்கும் உறுதியான கூடு எல்லாம் அதில் முன்பே இருந்தன. உலோகக் கூடு, கடற்கரை உப்புக்காற்றுக்கு எட்டாத சித்தூர் போன்ற உள்நாட்டில் நன்றாகவே நிலைக்கும். ஏற்கெனவே உருக்கிச் செய்த பொருளை இன்னும் பத்தாண்டு பயன்படுத்துவது இயற்கை வளத்துக்கும் நல்லது. ஆனால் பிரேக்கும் ஏர்பேக்கும் வேலை செய்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்மை; பராமரிப்பு இல்லாத சொகுசுக் கார் பராமரித்த ஆல்டோவைவிட ஆபத்தானது.

எனவே வாங்கப் போகிறவர் ‘எவ்வளவு ஓடியது’ என்பதை இரண்டாம் கேள்வியாக்கட்டும். எந்தெந்த ரப்பர், பிளாஸ்டிக், திரவம் எந்த ஆண்டில் மாறியது, அதற்கு ரசீது எங்கே என்பதே முதல் கேள்வி. பதில் இல்லாத ஒவ்வொரு பாகத்தையும் மாற்ற வேண்டியதாகக் கணக்கிட்டு, அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் எழுந்து வந்துவிடலாம். வேறு கார்கள் வந்துகொண்டேதான் இருக்கும். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கத் தொடங்கினால் சர்வீஸ் ரசீதைக் காத்துவைப்பவருக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்கும். பராமரிப்பு வீண்செலவு என்ற எண்ணம் மாறும். திருமலையிலிருந்து இறங்கும் பழைய கார்களின் பிரேக்கும் நம்பத்தக்கதாகும்.