கேள்வியோடு கழனிக்கு வந்தவன்

கணினி வேலையை விட்டு உழவுக்கு வந்தவன் என்று தெரிந்ததும் ஊரில் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். "பெரிய தியாகம் சார்" என்பார்கள் சிலர். "அங்க வேலை போயிருச்சா?" என்பார்கள் சிலர். இரண்டுமே இல்லை. சின்ன வயதிலிருந்து இருந்த ஒரு பழக்கம் என்னை அந்தத் தொழிலுக்குக் கொண்டுபோனது. அதே பழக்கம்தான் இங்கேயும் கொண்டுவந்தது. வேலையிலிருந்து உழவுக்கு வர நினைக்கும் நண்பர்களுக்கு எது உதவும், எது உதவாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஏன், எப்படி என்று கேட்ட பையன்

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். கிணற்றுப் பாசனம். நெல்லும் மல்லாட்டையும்தான் வெள்ளாமை. மோட்டார் கொட்டகையில் மெக்கானிக் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் நின்றுகொள்வேன். "மூணு பேஸ்ல ஒண்ணு போனா மோட்டார் ஏன் உறுமுது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். தாத்தாவையும் விடமாட்டேன். "பச்சைச் சாணியைப் போட்டா செடி ஏன் வாடுது?" என்றால், "அது சூடுடா, குப்பையில கெடந்து ஆறணும்" என்பார். சாணம் மட்கும்போது வெப்பமும் அம்மோனியாவும் வெளியாகின்றன என்று பல ஆண்டு கழித்துப் படித்தேன். தாத்தா ஒரே சொல்லில் சொல்லியிருந்தார்.

பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கு அப்பா அரைக்காணி நிலத்தை விற்றார். "நீயாச்சும் இந்தச் சேத்துலேர்ந்து தப்பிச்சுப் போ" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டார். சென்னையில் 11 ஆண்டுகள் மென்பொருள் வேலை. பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் பொறுப்பு.

அந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்: பிழை தெரிகிற இடம் வேறு, பிழை இருக்கிற இடம் வேறு. திரையில் தொகை தப்பாக வருகிறது என்றால், காரணம் நாலு படி முன்னால் எங்கேயோ இருக்கும். திரையில் வரும் தொகையை மட்டும் திருத்தினால், அது வேறு உருவத்தில் திரும்பி வரும்.

புகையான் சொன்ன பாடம்

ஒரு சம்பாப் பருவத்தில் அப்பா போன் செய்தார். "பயிர் வட்ட வட்டமா காயுதுடா. மூணு தடவ மருந்தடிச்சாச்சு, அடங்க மாட்டேங்குது." புகையான் தாக்குதல். ராத்திரி உட்கார்ந்து அதைப் பற்றிப் படித்தேன்.

புகையான் இலை உறைக்குள்ளே முட்டை வைக்கிறது. மருந்து பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளும் மருந்தில் செத்துவிடுகின்றன. ஒரு வாரம் கழித்து முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது எதிரியே இல்லாத வயல் கிடைக்கிறது. அளவுக்கு மீறி யூரியா போட்ட பயிர் இளசாக, சாறு நிறைந்து நிற்கிறது. விருந்துக்கு வேறென்ன வேண்டும்? நாம் அடிக்கிற மருந்தே பூச்சியைப் பெருக்கிவிடுகிறது.

இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இதே கதைதான். விதைத்த முதல் 40 நாளில் அதற்கு மருந்து அடிக்கத் தேவையில்லை என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளே சொல்கின்றன. புழு தின்ற இலைக்குப் பயிர் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்கிறது.

நான் 11 ஆண்டுகளாகப் பார்த்த பிழை எங்கள் கழனியிலேயே இருந்தது.

முதல் 25 சென்ட்

ஒரே நாளில் வேலையை விடவில்லை. சனி, ஞாயிறு ஊருக்கு வந்து 25 சென்ட்டில் மட்டும் இரண்டு ஆண்டுகள் செய்து பார்த்தேன். நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுதோம். பிறகு மாப்பிள்ளைச் சம்பா. சுமார் 160 நாள் பயிர், ஆளுயரம் வளரும். யூரியா போட்டால் சாய்ந்துவிடும். 1966-இல் ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் வந்த பிறகு இந்த மாதிரி நெல் ஒதுங்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். உரம் கேட்காத வயலுக்கு இதுவே பொருத்தம்.

முதல் சம்பாவில் 4 மூட்டை. பக்கத்தில் அப்பாவின் நிலத்தில் அதே பரப்பில் 6. "ரெண்டு மூட்டை போச்சே" என்றார் அப்பா. நோட்டை எடுத்துக் காட்டினேன். உரம், மருந்து, அடிகூலியைக் கழித்து, கூடுதலாக வந்த வைக்கோலைச் சேர்த்தால் ஏறக்குறையச் சமம். லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் உரக்கடையில் பாக்கி இல்லை.

வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் பெரிய சண்டை. "நெலத்த வித்துப் படிக்க வச்சது திரும்பச் சேத்துல எறங்கவாடா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர் விற்றது திரும்பி வராது. "ஆறு வருசம் குடுப்பா, நோட்டைப் பார்த்து நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டேன். இது நாலாவது வருடம். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நான் எழுதும் மழைக்கணக்கைத் தினமும் சரிபார்க்கிறார்.

இந்தப் பாதையில் முன்னால் போனவர்கள் உண்டு. ஜப்பானின் மசானபு ஃபுகோகா யோகோஹாமா சுங்கத் துறையில் தாவர நோய் ஆய்வாளராக இருந்தவர். நம்மாழ்வார் ஐயா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வந்தவர். செய்கிற வேலையையே கேள்வி கேட்டதால் வெளியே வந்தார்கள்.

எது உதவும், எது உதவாது?

உதவுவது மூன்று. ஒன்று, எழுதி வைப்பது: தேதி, மழை, இட்டது, கூலி, விளைச்சல். இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் புது விதையும் ஒரே பருவத்தில் போட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மூன்று, அறிகுறியை விட்டுக் காரணத்தைத் தேடுவது.

உதவாதது அவசரம். கணினியில் ஒரு பிழையை மத்தியானத்துக்குள் நூறு முறை ஓட்டிப் பார்க்கலாம். சம்பா வருடத்துக்கு ஒரு முறைதான். 40 வயதில் வந்தவனுக்கு இன்னும் 25, 30 சம்பா கிடைத்தால் அதிகம். அதனால் மற்றவர்களின் அனுபவம் நமக்குக் கட்டாயம் வேண்டும். எங்கள் வயலில் களையெடுக்கும் அம்மா ஒருவர், தண்டைத் தொட்டே பூட்டை எப்போது வெளியே வரும் என்று சொல்லிவிடுவார். எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விடும் முன் கடனை அடைத்தேன், ஓராண்டு வீட்டுச் செலவை ஒதுக்கினேன், மருத்துவக் காப்பீடு எடுத்தேன். மனைவி ஆசிரியர் வேலையில் தொடர்கிறார். அங்ககச் சான்று பெற, பருவப் பயிர் நிலத்துக்குப் பொதுவாக 2 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. குடும்பத்துக்கும் அதே போல ஒரு மாறுதல் காலம் கொடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். வீட்டு நிலத்தில் பத்து சென்ட்டைப் பிரித்து, மருந்து படாமல் வைத்து, பக்கத்து வயலையும் சேர்த்துக் கணக்கு எழுதுங்கள். அறுப்பு முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.