பரம்பரை மட்டும்தானா?

மார்பகப் புற்றுநோய் என்றதும் எம்மவர் ‘பரம்பரை’ என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். தலைவிதியின் இடத்தில் இப்போது இந்தச் சொல். ஆனால் பெற்றோரிடமிருந்து வரும் பரம்பரையலகு மாற்றங்களால் ஏற்படுபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரையே. அத்துடன், பரம்பரையலகு வேறு, அதை இயக்கும் ஆளி வேறு.

1994இல் சிட்னி கார்வன் ஆய்வு நிலையத்தில் எலிசபெத் மஸ்குரோவ், றொபேட் சதர்லாந்து குழுவினர் செய்த பரிசோதனை இதற்கு நல்ல உதாரணம். கலத்தினுள் நாகம் கூடினால், அதைப் பிடித்துவைக்கும் மெற்றலோதயோனின் என்ற புரதத்தின் பரம்பரையலகு இயங்கத் தொடங்கும். நாகத்தை உணரும் இன்னொரு புரதம் அதன் ஆளியில் ஒட்டுவதே காரணம். ஆய்வாளர்கள் அந்த ஆளியைக் கலப்பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1 பரம்பரையலகுடன் பொருத்தி, மார்பகப் புற்றுநோய்க் கலங்களுள் செலுத்தினர். பிரிவு நின்றிருந்த கலங்கள், நாகம் சேர்த்ததும் மீண்டும் பிரிந்தன.

நாகம் புற்றுநோய் தரும் என்பதல்ல இதன் பொருள். இங்கே அது ஆளியைப் போட்ட கை மட்டுமே. கட்மியம் அப்படியல்ல. அது ஈஸ்ரஜன் ஓமோனின் வாங்கியை நேரடியாகத் தூண்டுவதை 2000இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்று மார்பகக் கலங்களிற் கண்டது. மனிதரில் இது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. ஆயினும் முலாம் பூசும் பட்டறைகளிலும் பற்றறித் தொழிற்சாலைகளிலும் நிற்கும் எம் பெண்களிடம் ‘தாய்க்கும் இருந்ததா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘எந்த உலோகத்தோடு வேலை?’ என்றும் கேட்கவேண்டும்.