நோய் தீர்ந்தபின் வரும் நோவு

மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டை, எல்கடுவை மலைச்சரிவுகளில் கொழுந்து கொய்வோர்க்கு இடுப்பு நோவும் தோள் நோவும் புதியன அல்ல. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டு மறுநாள் மலைக்குப் போய்விடுவர். ஆனால், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுத் தேறிய தாய்க்கு அதே இடுப்பு நோகுமாயின், அன்றிரவு வீட்டில் எவர்க்கும் உறக்கமில்லை. 'மறுபடியும் வந்துவிட்டதோ?' என்னும் ஐயமே காரணம்.

இவ்வச்சம் கோழைத்தனமன்று. தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்ட அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், சிகிச்சைக்குப் பிந்திய காலத்தைத் தனியொரு பருவமாக 1985ஆம் ஆண்டில் எழுதினார். நோய் திரும்புமோ என்னும் அச்சமே அப்பருவத்தில் மேலோங்கி நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை.

எனினும், புதிய நோவெல்லாம் பழைய நோயின் வருகையன்று என்பதை நாம் உணர வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குப்பின் உட்கொள்ளும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் மூட்டுகளை நோகச் செய்யும். காலையில் விறைத்த விரல்கள் நடமாட்டத்தால் தளர்வதுண்டு. பக்ளிடாக்செல் மருந்தினால் கைகால்கள் மரத்து எரியும். கதிர்வீச்சுப் பட்ட தோள் இறுகும். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் கண்டு தாடையில் கதிர்வீச்சுப் பெற்றவர், பல்வலிக்காகப் பல்லைப் பிடுங்குமுன் அச்சிகிச்சையைப் பல் வைத்தியரிடம் கூறவேண்டும்; கூறாவிடில் தாடையெலும்பு ஆறாமற் போகக்கூடும்.

அவ்வாறாயின், எந்த நோவைப் பொறுக்கலாகாது? இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பது, நாளுக்குநாள் வளர்வது, படுத்தும் தணியாமல் இரவில் எழுப்புவது, உடல் மெலிவுடனோ புதிய கட்டியுடனோ வருவது ஆகியவற்றை அடுத்த கிளினிக் நாள்வரை மறைத்து வைத்தல் தகாது. முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் நில்லாவிடினும், அன்றைக்கே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தண்டுவடம் நெருக்கப்படுவதன் அடையாளமாக அஃது இருக்கலாம். தாமதித்தால் நடையையே இழக்க நேரிடும்.

கண்டிக்கோ மகரகமைக்கோ போய்வந்தால் ஒருநாட் கூலி போய்விடுமே என்று நம் தாய்மார் பலர் வாய் திறப்பதில்லை. அவர்களைக் கேட்டறிவது வீட்டாரின் கடமை. மாணவர்களே! நோவு எங்கே, என்று தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனாற் குறைகிறது என்பவற்றை ஒரு கொப்பியில் அம்மாவுக்காக எழுதி வையுங்கள்; உண்ணும் மருந்துகளின் பெயரையும் சேருங்கள். மருத்துவர் முன்னிலையில் அச்சத்தால் மறந்துபோவதை அந்த ஒரு பக்கம் எடுத்துரைக்கும்.